ஸ்டிக்கருக்கு விலை போடுவது எப்படி: சதுர அடியை விட்டு நிமிடக் கணக்குக்கு வாருங்கள்

ஸ்டிக்கர் கடையில் விலை கேட்டால் உடனே வரும் பதில் "சதுர அடி இவ்வளவு" என்பதுதான். இது ஃப்ளெக்ஸ் பேனரிலிருந்து வந்த பழக்கம். பேனருக்கு அது சரியாகப் பொருந்தும். பத்துக்கு எட்டு அடி பேனரில் செலவின் பெரும்பங்கு பொருளும் மையும்தான். ஓரம் மடித்து ஐலெட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. மூன்று இன்ச் ஊறுகாய் லேபிளில் நிலைமை தலைகீழ். அங்கே பொருள் செலவு கொஞ்சம்தான். ஃபைலைச் சரிசெய்வது, மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்குவது, லேமினேஷன், வெட்டு, எண்ணிக் கட்டுவது என்று கைவேலைதான் பணத்தைத் தின்கிறது. சதுர அடி விலையில் அந்த நேரத்துக்கு இடமே இல்லை. நாள் முழுக்க மெஷின் ஓடியும் மாதக் கடைசியில் கல்லாவில் ஒன்றும் மிஞ்சாத கடைகள் பலவற்றில் கோளாறு இங்கேதான் இருக்கிறது.

கீழே வரும் கணக்கு, 24 இன்ச் ரோல் ஓடும், அச்சடித்து அதுவே வெட்டும் ஈகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மை) மெஷினும், சூடில்லாமல் மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டும் கோல்டு லேமினேஷன் மெஷினும், உரிமையாளரோடு ஒரு உதவியாளரும் இருக்கும் சிறு கடைக்கானது. ரூபாய் எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காகப் போட்ட முழு எண்கள். அந்த இடங்களில் உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். வழிமுறை மாறாது.

முதலில் ஒரு நிமிடத்தின் விலை

ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் போகும் பணத்தை எழுதுங்கள். வாடகை 12,000. மின்சாரம் 5,000. உதவியாளர் சம்பளம் 18,000. உங்கள் சம்பளம் 30,000. மெஷின் தேய்மானம் 8,500. ஹெட் (மை தெளிக்கும் அச்சுத் தலை) பராமரிப்பு, பிளேடு, டேம்பர் (ஹெட்டுக்கு மை போகும் வழியில் உள்ள சிறு வடிகட்டி) போன்றவை 3,500. இணையம், போன், சாஃப்ட்வேர், சில்லறை 3,000. கூட்டினால் 80,000.

இதில் இரண்டு வரிகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, உங்கள் சம்பளம். "மிஞ்சுவதுதான் எனக்கு" என்று விட்டால், விலை எப்போதும் அந்த 30,000 அளவுக்குக் குறைவாகவே நிற்கும். மற்றது, தேய்மானம். ஆறு லட்சத்துக்கு வாங்கிய மெஷின் ஐந்து வருடம் கழித்து ஒரு லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால், வருடத்துக்கு ஒரு லட்சம், மாதத்துக்குச் சுமார் 8,300. கடன் தவணை முடிந்துவிட்டாலும் இந்த வரி இருக்க வேண்டும்; அடுத்த மெஷினுக்கான பணம் இதிலிருந்துதான் வரும்.

அடுத்தது நேரம். இருவர், 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 416 மணி நேரம். அத்தனையும் பில் போடக்கூடிய வேலையாக இருக்காது. போன் பேசுவது, கடை பெருக்குவது, ஹெட் கிளீனிங், விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர், மின்தடை எல்லாம் போக 60 சதவீதம், அதாவது 250 மணி நேரம் தேறினால் நல்ல கடை. 80,000ஐ 250ஆல் வகுத்தால் மணிக்கு 320. நிமிடத்துக்கு 5.33, 5.50 என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு ஆளின் ஒரு நிமிடம். இருவர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இரட்டிப்பாகும்.

பொருள் செலவு

24 இன்ச் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள ரோலில் 328 சதுர அடி இருக்கும். வெள்ளை வினைல் (பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) ரோல் 5,900 என்றால் சதுர அடி 18 ரூபாய். லேமினேஷன் ரோல் 3,280 என்றால் 10 ரூபாய். லாரி வாடகை, கூரியர் இருந்தால் ரோல் விலையோடு சேர்த்த பிறகே வகுக்க வேண்டும்.

மைக்கு மெஷின் காட்டும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். ஈகோ சால்வென்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 10 மி.லி. போகிறது என்று வைத்தால், சதுர அடிக்கு ஏறக்குறைய 1 மி.லி. லிட்டர் 5,000 ரூபாய் மையில் அது 5 ரூபாய். ஆனால் ஹெட் கிளீனிங்கில் வேஸ்ட் பாட்டிலுக்குப் போகும் மையும் உங்கள் பணம்தான். மூன்று மாதத்தில் வாங்கிய மையின் மொத்த விலையை அதே மூன்று மாதத்தில் அச்சடித்த சதுர அடியால் வகுப்பதே உண்மையான எண்ணைத் தரும். இங்கே 6 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆர்டர் குறைவாக வரும் கடையில் இந்த எண் ஏறும், ஏனென்றால் சும்மா நிற்கும் மெஷினும் ஹெட் காயாமல் இருக்க மை குடிக்கும்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை என்றால் வினைலுக்குக் கட்டும் வரி திரும்பி வராது. அதையும் சேர்த்துத்தான் பொருள் விலை. பதிவு இருந்து உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, திரும்ப எடுக்கிறீர்கள் என்றால் வரி நீக்கிய விலையில் கணக்குப் போட்டு, கடைசியில் வரியைத் தனியாகச் சேருங்கள். இரண்டையும் கலந்தால் கணக்கு முழுவதும் கோணிவிடும்.

நூறு ஊறுகாய் லேபிள்: முழுக் கணக்கு

3 இன்ச்சுக்கு 2 இன்ச், லேமினேஷனோடு, பின்தாளில் வைத்தபடியே மேல்பகுதி மட்டும் வெட்டியது, 100 எண்ணம்.

காகிதத்தில் பார்த்தால் 600 சதுர இன்ச், அதாவது 4.17 சதுர அடி. ரோலில் போகப்போவது அதுவல்ல. இரு ஓரமும் பிஞ்ச் ரோலருக்கும் (ரோலை அழுத்திப் பிடிக்கும் உருளை) வெட்டும் இடத்தை மெஷினுக்குக் காட்டும் குறியீட்டு மார்க்குக்கும் விட்டபின் 24 இன்ச்சில் 22 இன்ச்தான் கிடைக்கும். ஸ்டிக்கர்களுக்கு நடுவே கால் இன்ச் இடைவெளி வேண்டும். குறைத்தால் ஒன்றின் விளிம்பு நிறம் அடுத்ததில் ஏறும், வெட்டு அரை மி.மீ. நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும். 2.25 இன்ச் பக்கத்தை அகலவாக்கில் வைத்தால் வரிசைக்கு 9. நூறுக்கு 12 வரிசை. 12 × 3.25 = 39 இன்ச் நீளம். முன்னும் பின்னும் மெஷினும் லேமினேட்டரும் பிடிக்க 6 இன்ச். ஆக 45 இன்ச் நீளம், 24 இன்ச் அகலம்: 7.5 சதுர அடி. 4.17க்கு விலை சொல்லி 7.5ஐச் செலவழிக்கிறோம். சதுர அடி விலையில் முதல் ஓட்டை இதுதான்.

வினைலும் லேமினேஷனும் சதுர அடிக்கு 18 + 10 = 28 ரூபாய்; 7.5 × 28 = 210. மை அச்சான பரப்புக்கு மட்டும், 4.5 × 6 = 27. பொருள் 237 ரூபாய்.

நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தால் ஏறக்குறைய இப்படி வரும். ஃபைல் திறந்து சரிசெய்ய 15 நிமிடம், வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்க 10, ரிப் செய்து (ஃபைலை மெஷின் அச்சடிக்கும் வடிவுக்கு மாற்றி) ரோல் ஏற்ற 5, பில்லும் பணம் வாங்குவதும் 5. இந்த 35 நிமிடம் பத்து ஸ்டிக்கர் என்றாலும் ஆயிரம் என்றாலும் மாறாது. அச்சைக் கவனிக்க 5, லேமினேஷன் 8, திரும்ப ஏற்றி மார்க் படிக்கவைத்து வெட்ட 7, தாள்களாகப் பிரித்து எண்ணிக் கட்ட 15. இந்த 35 நிமிடம் எண்ணிக்கையோடு வளரும். மொத்தம் 70 நிமிடம் × 5.50 = 385.

பொருளும் நேரமும் சேர்ந்து 622. பழுதுக்கு 5 சதவீதம் கூட்டினால் 653. இது அடக்கவிலை.

இலாபம் 25 சதவீதம் வேண்டுமென்றால் 653ஐ 1.25ஆல் பெருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வருவது 816. அதில் இலாபம் விற்பனை விலையில் 20 சதவீதம்தான். விலையில் கால்பங்கு இலாபமாக நிற்க வேண்டுமென்றால் 0.75ஆல் வகுக்க வேண்டும்: 653 ÷ 0.75 = 870. ஒரு ஸ்டிக்கர் 8.70.

அதே லேபிள், பத்தும் ஐந்நூறும்

பத்து ஸ்டிக்கருக்கு இரண்டு வரிசை, 12.5 இன்ச் நீளம், பொருள் 61 ரூபாய். நேரம் மாறாத 35 நிமிடமும் ஒரு 13 நிமிடமும், 264 ரூபாய். பழுது சேர்த்து அடக்கம் 341, விலை 455.

ஐந்நூறுக்கு ரோலை ஒரே நீளமாக ஓட்டாமல் ஒரு மீட்டர் அளவுள்ள ஐந்து துண்டுகளாக மார்க் போட்டு ஓட்ட வேண்டும். நீளமாக விட்டால் ரோல் சிறிது சாய்ந்து, கடைசி வரிசைகளில் வெட்டு விலகும். சுமார் 200 இன்ச், 33.3 சதுர அடி. மையோடு பொருள் 1,068. நேரம் 150 நிமிடம், 825. அடக்கம் 1,988, விலை 2,650, ஒன்றுக்கு 5.30.

இவற்றைச் சதுர அடி 120 ரூபாய் என்று சொல்லும் கடையோடு ஒப்பிடுங்கள். அந்தக் கடை பத்து ஸ்டிக்கருக்கு 50 ரூபாய் வாங்கி 341ஐச் செலவழிக்கிறது. நூறுக்கு 500 வாங்கி 653ஐச் செலவழிக்கிறது. ஐந்நூறில் மட்டும் 2,500 வாங்கி இலாபம் பார்க்கிறது. சிறு கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ஐம்பது, நூறு ஆர்டர்கள்தான். நஷ்டம் அங்கேதான் சேர்கிறது.

மூன்று விலைகளையும் வைத்துக் கல்லாவில் நின்றபடியே போடக்கூடிய ஒரு சூத்திரம் எடுக்கலாம். ஸ்டிக்கரின் இரு அளவுகளோடும் கால் இன்ச் கூட்டிப் பெருக்குங்கள்: 3.25 × 2.25 = 7.31 சதுர இன்ச். அதற்குச் சதுர இன்ச்சுக்கு 62 பைசா, எண்ணிக்கையால் பெருக்கி, 410 ரூபாய் கூட்டுங்கள்.

பத்துக்கு 455, நூறுக்கு 863, ஐந்நூறுக்கு 2,676. முழுக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. உங்கள் கடைக்கு 410ம் 62 பைசாவும் வேறாக இருக்கும். இதேபோல மூன்று எண்ணிக்கைக்கு முழுக் கணக்குப் போட்டு உங்கள் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள். 450 ரூபாய்க்குக் குறைந்த ஆர்டர் எடுப்பதில்லை என்று பலகை மாட்டுவதற்கும் இதுவே காரணம் தருகிறது.

சூத்திரத்துக்கு மேல் சேர்ப்பவை

ஒரே அளவில் ஐந்து சுவைக்கு ஐந்து டிசைன் என்றால், கூடுதலாக வரும் ஒவ்வொரு டிசைனுக்கும் குறைந்தது 10 நிமிடம் வைத்து 77 ரூபாய். எண்ணிக்கை மாறவில்லையே என்பார்கள். எண்ணிக் கட்டும்போது மாங்காயும் எலுமிச்சையும் கலக்காமல் பார்ப்பதும் வேலைதான்.

ஒவ்வொன்றாகத் தனியே வெட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு 20 நொடி ஆகும். நூறுக்கு 33 நிமிடம், விலையில் 244 ரூபாய். ஒரு ஸ்டிக்கருக்கு இரண்டரை ரூபாய் கூடுகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் தாளாகவே கொடுங்கள் என்பார்கள்.

ட்ரான்ஸ்பரன்ட் வினைலில் வெள்ளை மை அடித்தளம் போட்டால் அச்சு நேரமும் மையும் ஏறும். அதற்கு மெஷினில் வெள்ளை மை இருக்க வேண்டும், அது தொட்டியில் கீழே படியும், அடிக்கடி கலக்கிவிட வேண்டும். வெள்ளை மை வேலைக்குத் தனி சூத்திரமே போடுங்கள்.

டிசைன் கட்டணத்தை ஸ்டிக்கர் விலைக்குள் புதைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான விசிட்டிங் கார்டு படத்திலிருந்து லோகோவைத் திரும்ப வரைய 40 நிமிடம் ஆனால் 220 ரூபாய் அடக்கம். 300 ரூபாய் என்று தனி வரியாகப் பில்லில் வர வேண்டும். தமிழ் எழுத்துரு இதைவிடச் சிக்கல். யூனிகோடில் வந்த வாசகம் பழைய கோரல்ட்ரா டிசைன் சாஃப்ட்வேரில் சிதறி, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தது உங்கள் கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். எழுத்துகளை வளைகோடாக மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தட்டச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் நேரம் போடுங்கள்.

திரும்ப வரும் ஆர்டருக்குத் தள்ளுபடி கொடுக்க உண்மையான காரணம் இருக்கிறது. ஃபைலும் ஒப்புதலும் தயார் என்பதால் 25 நிமிடம் மிச்சம். விலையில் சுமார் 190 ரூபாய் குறைக்கலாம். "போன முறை வந்த அதே ஃபைல், ஒரு எழுத்தும் மாறாது" என்றால் மட்டும். தேதி ஒன்று மாறினாலும் மீண்டும் மாதிரி அனுப்பித்தான் ஆக வேண்டும்.

பழுது எங்கிருந்து வருகிறது

5 சதவீதம் என்பது எல்லாம் ஒழுங்காக நடக்கும் கடைக்கு. அதற்கு மேல் போனால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

லேமினேஷனை அவசரப்பட்டு ஏற்றுவது. ஈகோ சால்வென்ட் மை தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே கரைப்பான் இருக்கும். 24 மணி நேரம் காற்றாட விடாமல் படலம் ஏற்றினால் கரைப்பான் வெளியேற வழியின்றிப் பசைக்குள் இறங்கும். பசை இளகும், சில நாளில் ஓரம் சுருளும், படலத்துக்கடியில் வெள்ளி பூத்ததுபோல் மங்கும். ரோலாகச் சுருட்டி வைத்துக் காயவிடுவதும் பயனில்லை. தளர்வாகவோ விரித்தோ வைக்க வேண்டும். அதனால் "இன்றே வேண்டும்" என்பவருக்கு லேமினேஷன் உள்ள வேலையை அதிக விலைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தால் அந்த நேரம் சுருங்காது. லேமினேஷன் இல்லாமல் தரலாம், அல்லது நாளை மாலை என்று சொல்லலாம். மை காயும் நேரத்தைக் குறைக்க வேண்டியிராத அவசர வேலைக்கு 30 சதவீதம் கூடுதல் வாங்குவது நியாயம், ஏனென்றால் வரிசையில் இருக்கும் மற்றவரின் வேலையை நிறுத்தித்தான் அதைச் செய்கிறீர்கள்.

மார்க் படிக்காமல் போவது. பளபளப்பான படலத்தில் வெளிச்சம் தெறித்து சென்சார் குழம்பும். மார்க் இருக்கும் இடத்தில் மட்டும் படலத்தை வெட்டி எடுத்தாலோ மேட் டேப் ஒட்டினாலோ படிக்கும். ஹோலோகிராம் ஸ்டிக்கரில் இது தவறாமல் வரும் தொல்லை. அதற்குப் பழுது 15 சதவீதம் வைக்கலாம்.

பிளேடு ஆழம். அதிகம் இறங்கினால் பின்தாளும் அறுந்து, உரிக்கும்போது தாளோடு கிழிந்து வரும். குறைந்தால் மூலைகள் விடுபடாது. புதிய ரோல் போடும் ஒவ்வொரு முறையும் சிறு சதுரம் வெட்டிப் பார்க்கும் அரை நிமிடம், ஒரு மீட்டர் வினைலைக் காப்பாற்றும். மழைக்காலத்தில் ஈரப்பதம் ஏறிப் பின்தாள் நெளிந்து ஹெட்டில் உரசுவதும் உண்டு. ரோல்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் நிறுத்திவைத்தால் குறையும்.

ரேடியம் மற்றும் நிற வினைல் எழுத்துகள்

அச்சே இல்லாத, வெட்டு மட்டும் உள்ள வேலை இது. மை இல்லை, லேமினேஷன் இல்லை, அதனால் மலிவு என்று நினைத்து விலை சொன்னால் கையைச் சுடும். வேண்டாத பகுதியை உரித்தெடுப்பதில்தான் நேரம் போகிறது, அதிலும் தமிழ் எழுத்தில் கூடுதலாக. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பலவும் நேர்கோடுகள். தமிழில் ண, ன, ஞ, ணை போன்றவற்றில் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டுகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். புள்ளிகள் தனித் துண்டுகள். கழிவை இழுக்கும்போது அதோடு போய்விடும். ஒன்று போனாலும் வாசகம் பிழையாகிவிடும். எழுத்து உயரம் அரை இன்ச்சுக்குக் கீழே போனால் வெட்டு எழுத்தாக எடுக்காமல் அச்சடித்துக் கொடுப்பதே நல்லது என்று சொல்லிவிடுங்கள்.

கடைக் கண்ணாடிக் கதவுக்கு, மூன்று இன்ச் உயரத்தில் இரண்டு வரித் தமிழ் வாசகம். 6 சதுர அடி நிற வினைல், சதுர அடி 15 ரூபாய் என்றால் 90. வெட்டிய எழுத்துகளை இடம் மாறாமல் தூக்கி ஒட்ட அதே அளவு டிரான்ஸ்ஃபர் டேப், 8 ரூபாயில் 48. மாறாத 35 நிமிடத்தோடு வெட்ட 6, உரிக்க 25, டேப் ஏற்ற 8, கட்ட 5: 79 நிமிடம், 435 ரூபாய். பழுது சேர்த்து அடக்கம் 601, விலை 800. இதில் பொருளின் பங்கு 138 ரூபாய்தான்.

நீங்களே போய் ஒட்டினால் போக்குவரத்து நேரமும் கணக்கில் வரும். போய்வர 40 நிமிடம், துடைத்து ஒட்ட 30 நிமிடம், ஒரு ஆள்: 385 அடக்கம், விலையில் 513, பெட்ரோல் தனி. பழைய ஸ்டிக்கரை எடுத்துப் பசை கரைக்கும் வேலைக்கு முன்கூட்டியே மொத்த விலை சொல்லாதீர்கள். வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்த வினைல் பொடிப்பொடியாகத்தான் வரும். மணிக்கு இவ்வளவு என்று சொல்லி ஆரம்பியுங்கள்.

வண்டி ஸ்டிக்கர்

பெட்ரோல் டேங்க் போல வளைந்த பரப்புக்குச் சாதாரண மானோமெரிக் வினைல் ஒத்துவராது. இழுத்து ஒட்டியது சுருங்கித் திரும்பும், ஓரம் தூக்கும். ஓரளவு வளைவுக்குப் பாலிமெரிக், ஆழமான குழிவுக்குக் காஸ்ட் வினைல். காஸ்ட் விலை பல மடங்கு. 28 ரூபாய் என்று போட்ட இடத்தில் அந்த விலையைப் போட்டுக் கணக்கை முதலிலிருந்து ஓட்டுங்கள். மேலே ஏற்றும் படலமும் அதே வகையாக இருக்க வேண்டும். காஸ்ட் வினைலில் மலிவு லேமினேஷன் ஏற்றினால் படலம் சுருங்கி வினைலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்கூட்டரின் பெயின்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை நிற்காது. அங்கே ஒட்டக் கேட்டால் உத்தரவாதம் இல்லை என்று பில்லிலேயே எழுதுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் பெயின்ட் முழுக்க ஆறாமல் ஒட்டினால் அடியில் குமிழ் வரும். உச்சி வெயிலில் நின்ற வண்டியில் ஒட்டக் கூடாது. சூட்டில் வினைல் நீண்டு, ஆறும்போது இடம் மாறும். நிழலில் நிறுத்தி ஆறவிடும் அரை மணி நேரம் உங்கள் நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

சில ஆர்டர்களை என்ன விலைக்கும் எடுக்கக் கூடாது. 2019 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தருவது வாடிக்கையாளரை அபராதத்தில் மாட்டிவிடும். நம்பர் பிளேட்டில் பதவியும் துறையும் எழுதுவதற்கு எதிராகச் சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதத்தில் நடவடிக்கை தொடங்கியது. கார் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடுத்துவிட்டது.

எது உங்கள் மெஷின் வேலை இல்லை

ஈரம் படாத கல்யாணப் பைக்கோ இனிப்புப் பெட்டிக்கோ ஒட்டும் ஸ்டிக்கருக்கு வினைல் தேவையே இல்லை. 12க்கு 18 இன்ச் கம்மிங் ஷீட்டில் (பின்பக்கம் பசையுள்ள காகிதம்) 3க்கு 2 அளவு 25 வரும். நூறுக்கு நான்கு ஷீட். டிஜிட்டல் பிரஸ் வைத்திருப்பவரிடம் அச்சும் வெட்டும் வாங்கி, உங்கள் மாறாத நிமிடங்களையும் கைமாற்றத்துக்கு 25 சதவீதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணெய் கசியும் ஊறுகாய்க்கும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும் பால்பொருளுக்கும் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள், ஊறிக் கறுத்துவிடும். ஒரே டிசைன் பத்தாயிரம் என்றால் சிவகாசி ஆஃப்செட் விலையோடு ரோல் மெஷின் போட்டிபோட முடியாது. அங்கே அடித்து வாங்கிக் கொடுத்து உங்கள் பங்கை வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

விலை சொல்லும் முன் கேட்க வேண்டியவை

எந்தப் பரப்பில் ஒட்டப்போகிறார், தண்ணீரோ வெயிலோ எண்ணெயோ படுமா, எத்தனை நாள் நிற்க வேண்டும், அளவு, எண்ணிக்கை, எத்தனை டிசைன், ஃபைல் எந்த வடிவில் இருக்கிறது, என்றைக்கு வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல் விலை சொன்னால் நீங்கள் ஒரு பொருளுக்குச் சொல்வீர்கள், அவர் வேறொன்றை எதிர்பார்ப்பார்.

மாதிரிக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே, அடிக்கலாம்" என்று வந்தால் போதும். உணவு லேபிளில் இது மிக முக்கியம். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். ஒரு இலக்கம் தவறினால் அத்தனை லேபிளும் குப்பை. அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்த தேதி, முகவரி எல்லாவற்றையும் வாடிக்கையாளரே படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். போன் திரையில் தெரியும் நிறம் அச்சில் அப்படியே வராது என்பதை அப்போதே சொல்லுங்கள். நிறம் முக்கியம் என்றால் சிறு துண்டு அடித்துக் காட்டி அதற்கு 100 ரூபாய் வாங்குங்கள். முன்பணம் பாதி. பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை வேறு யாருக்கும் விற்க முடியாது.

"ஆன்லைனில் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்குதே அண்ணா" என்று கேட்டால் கோபப்படவும் வேண்டாம், உடனே விலையைக் குறைக்கவும் வேண்டாம். அவர்கள் பலருடைய ஆர்டரை ஒரே ஷீட்டில் அடுக்கி அடிப்பதால் மாறாத நிமிடங்கள் பங்குபோய்விடுகின்றன. நீங்கள் குறைக்க வேண்டியது வேலையை. பூ வடிவ வெட்டைச் சதுரமாக்கலாம், லேமினேஷனை விடலாம், மூன்று டிசைனை ஒன்றாக்கலாம், நூறை இருநூறாக்கலாம். நூறு 870, இருநூறு 1,320, ஐந்நூறு 2,650 என்று மூன்று விலையை ஒன்றாக எழுதிக் காட்டினால் பலர் தாமாகவே நடு எண்ணிக்கைக்கு வருவார்கள்.

ரோல் ஒன்று தீரும்போதெல்லாம், அதிலிருந்து பில் போட்ட ஸ்டிக்கர்களின் சதுர அடியைக் கூட்டிப் பாருங்கள். 328 சதுர அடி ரோலில் 180 பில்லுக்கு வந்திருந்தால், மேலே போட்ட லேபிள் கணக்கோடு ஒத்துப்போகிறது. 150க்குக் கீழே போனால் அடுக்குவதிலோ பழுதிலோ பிசகு இருக்கிறது. 62 பைசாவை மாற்றும் முன் அதைத் தேடுங்கள். நிமிடக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிகாரத்தோடு சரிபாருங்கள். உதவியாளரின் கை பழகியதும் எண்ணிக் கட்டும் 15 நிமிடம் 10 ஆகியிருக்கலாம். வாடகை ஏறி 5.50 என்பது 6 ஆகியும் இருக்கலாம்.